முள் காட்டுவதெல்லாம் கோணம் ஆகாது

மின்சார மைட்டர் ரம்பத்தில் அறுத்த மரத்தில் கோணப் பிழை இருக்கவே முடியாது என்ற நம்பிக்கை, மணப்பாறையிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் புது வீடு கட்டுவோரிடம் மட்டுமன்றி, அவ்வீடுகளில் வேலை செய்யும் தச்சர்களிடமும் இன்று ஆழ வேரூன்றிவிட்டது. நிலைக்கண்ணாடிச் சட்டத்தின் மூலையிலோ, கதவு நிலையைச் சுற்றி அடித்த பட்டையின் மூலையிலோ இடைவெளி தெரியும்போது, "மெஷின்ல அறுத்துமா இப்படி?" என்று வீட்டுக்காரர் தச்சரின் கையைப் பழிக்கிறார், "மெஷின் கரெக்டுங்க, மரந்தான் முறுக்கிக்கிச்சு" என்று தச்சர் மரத்தைப் பழிக்கிறார். இருவரும் எதிரெதிராக நின்று வாதாடுவதாகத் தோன்றினாலும், இயந்திரத்தை மட்டும் யாரும் விசாரிக்கக் கூடாது என்பதில் இருவருக்கும் முழு உடன்பாடு உண்டு. விலை கொடுத்து வாங்கிய பொருள், வெளிநாட்டுப் பெயர் பொறித்த பொருள், அளவுக்கோடுகள் அச்சிட்ட பொருள் ஆகியவை பொய் சொல்லா என்ற இந்த எண்ணம் மூடநம்பிக்கையே. அதற்கு வேறு நாகரிகமான பெயர் சூட்டத் தேவையில்லை.

மைட்டர் ரம்பம் என்பது, மரத்தைக் குறுக்காகவும் சாய்வாகவும் அறுப்பதற்காக, வட்ட வடிவப் பிளேடு ஒன்று கைபோன்ற தண்டில் பொருத்தப்பட்டு மேலிருந்து கீழிறங்கும்படி அமைந்த இயந்திரம். அதன் அடியில் திரும்பக்கூடிய மேடையும், மேடைக்குப் பின்னால் மரத்தைச் சாய்த்து வைத்துக்கொள்வதற்கான ஃபென்ஸ் எனப்படும் உலோகச் சுவரும், மேடையின் முன்விளிம்பில் பாகைகள் குறித்த அளவுத்தகடும், அத்தகட்டின் மேல் நகரும் முள்ளும் உள்ளன. 0, 22.5, 45 போன்று அடிக்கடி தேவைப்படும் கோணங்களில் மேடை தானாக விழுந்து நிற்பதற்கென்று காடிகள் வெட்டப்பட்டிருக்கும். முள் 45இல் நின்றால், மேடை அளவுத்தகட்டோடு ஒப்பிட 45 பாகை திரும்பியிருக்கிறது என்பது மட்டுமே பொருள். ஃபென்ஸ் தன் இடத்தில் நேராக நிற்கிறதா, பிளேடு மேடைக்குச் செங்குத்தாக இறங்குகிறதா, அளவுத்தகடே விலகியிருக்கிறதா என்பவற்றில் எதையும் அந்த முள் அறியாது. மரத்தின் கோணத்தை முடிவு செய்வது பிளேடுக்கும் ஃபென்ஸுக்கும் இடையிலுள்ள உறவு. முள்ளுக்கு அதில் பங்கே இல்லை.

அரை பாகை விலகினால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்பவர்கள், 3 அங்குல அகலமுள்ள தட்டைச் சட்டத்தில் ஒரு நிலைக்கண்ணாடிக்குச் செய்யும் நான்கு மூலைச் சட்டத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். நான்கு மூலைக்கு எட்டு வெட்டு. மேடையை ஒரே பக்கம் திருப்பி வைத்து, சட்டத்தைப் புரட்டிப் புரட்டி எட்டு வெட்டையும் போட்டு, ஒவ்வொன்றும் 45க்குப் பதில் 44.5 பாகையாக விழுந்தால், மொத்தக் குறை 4 பாகை. முதல் மூன்று மூலைகளை இடைவெளியின்றி இறுக்கினால், அந்த நான்கு பாகையும் கடைசி மூலையில் வந்து சேர்ந்து, ஏறத்தாழ 107 மி.மீ. நீளமுள்ள சாய்முகத்தின் ஒரு முனையில் 7 மி.மீ.க்கு மேல் வாய் பிளந்து நிற்கும். நான்கு மூலைக்கும் பகிர்ந்து கொடுத்தாலும் மூலைக்கு 2 மி.மீ. அளவுக்குத் தெரியும். அரை பாகை என்பது முள்ளின் தடிமனுக்குள் மறைந்துவிடும் அளவு. அந்த மறைவிலிருந்துதான் இந்த 7 மி.மீ. பிறக்கிறது. இயந்திரம் பிழை செய்யாது என்று சொல்லும் ஒவ்வொருவர் முன்னும் இந்த நான்கு மூலைச் சட்டத்தைக் கொண்டுவந்து வைக்க வேண்டும். அவர்களால் அதற்குப் பதில் சொல்ல இயலாது.

இயந்திரத்தைச் செய்த நிறுவனங்களே இந்த நம்பிக்கையைப் பகிர்ந்துகொள்வதில்லை என்பது இதில் பெரிய வெட்கக்கேடு. ஆலையில் சரிசெய்து அனுப்பப்பட்டாலும் வழியில் நேரும் அதிர்ச்சியால் அமைப்பு விலகக்கூடும், ஆகவே பயன்படுத்துவோர் சோதித்துத் திருத்திக்கொள்ள வேண்டும் என்ற கருத்து, முன்னணி நிறுவனங்களின் கையேடுகளில் திருத்தும் முறையோடு சேர்த்து அச்சிடப்பட்டிருக்கிறது. செய்தவன் சொல்லாத வாக்குறுதியை வாங்கியவன் அவன் சார்பில் ஊருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறான். அக்கையேடு பெரும்பாலும் தமிழில் இருப்பதில்லை என்பது தனிக் குற்றம். அமெரிக்க வீடுகளின் கூரையோர மரப்பட்டைகளுக்காக 31.6 பாகையில் ஒரு காடி வெட்டிக் கொடுக்க நினைவிருக்கும் நிறுவனங்களுக்கு, தமிழ்நாட்டில் விற்கும் பெட்டிக்குள் நான்கு பக்கத் தமிழ் வைக்க நினைவு வராதது மன்னிக்கத் தக்கதன்று. இங்கு இயந்திரம் ஒரே பட்டறையில் நிலையாக இருப்பதும் இல்லை. மணப்பாறையில் ஒரு வீடு, வையம்பட்டியில் ஒரு வீடு, திருச்சியில் ஒரு வீடு என்று சரக்கு வண்டியிலும் இருசக்கர வண்டியின் பின்னிருக்கையிலும் ஏறி இறங்குகிறது. தலைப்பகுதியைப் பிடித்துத் தூக்குவது, கம்பிக் குவியல் மேல் வைப்பது, காடிகளில் மரத்தூளை அடைய விடுவது ஆகிய எல்லாமும் அதன் கோணத்தைத் தின்கின்றன.

மணப்பாறைச் சந்தையில் எந்த வியாபாரியும் தராசு நல்ல நிறுவனத்தின் தயாரிப்பு என்று சொல்லித் தப்பிக்க முடியாது. 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டத்தின்கீழ், வணிகத்தில் பயன்படும் தராசும் படிக்கல்லும் குறித்த காலத்துக்கு ஒருமுறை சரிபார்க்கப்பட்டு முத்திரையிடப்பட வேண்டும்; தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளர்கள் அதைச் செய்கிறார்கள். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற மணப்பாறை முறுக்கை நிறுத்து விற்கும் மின்னணுத் தராசும் இந்த விதிக்கு உட்பட்டதே. கால் கிலோ முறுக்கில் சில கிராம் குறைந்தால் சட்டம் கேட்கிறது. பல ஆயிரம் ரூபாய் தேக்கைத் தவறாக அறுக்கும் கருவியை யாரும் கேட்பதில்லை. திருவெறும்பூர் பாய்லர் ஆலைக்கும் அதைச் சுற்றியுள்ள துணை ஆலைகளுக்கும் வேலைக்குச் செல்லும் இளைஞர்கள், அளவுக் கருவிகள் காலமுறைப்படி ஒப்புநோக்கித் திருத்தப்படுவதை நாள்தோறும் பார்க்கிறார்கள். அவர்களே தம் வீட்டு மரவேலையில் முள்ளைக் கண்டதும் கைகட்டி நிற்பது புரியாத முரண்பாடு.

சோதிப்பது கடினம் என்ற சாக்கும் செல்லாது. முதலில் மின்இணைப்பின் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும்; விசையை அணைத்தால் போதும் என்று எண்ணிப் பிளேடின் அருகே விரலைக் கொண்டுசெல்வது விபத்தை அழைப்பதாகும். அடுத்து மூலைமட்டத்தையே, அதாவது செங்கோணம் பார்க்கும் கருவியையே, சந்தேகிக்க வேண்டும். நேரான விளிம்புள்ள பலகையில் அதைச் சாய்த்துக் கத்திமுனையால் ஒரு கோடு கீறி, மட்டத்தை மறுபுறம் புரட்டி அதே இடத்தில் இன்னொரு கோடு கீறினால், மட்டம் சரியானதாயின் இரண்டும் ஒன்றாகும். பிரிந்தால், பிரிவு மட்டத்தின் பிழையைப்போல் இருமடங்கு. இவ்வாறு தேறிய மட்டத்தை ஃபென்ஸில் ஒரு கையும் பிளேடில் ஒரு கையும் படியும்படி வைக்க வேண்டும். பிளேடின் பற்கள் தகட்டைவிடச் சற்றுப் புடைத்திருப்பதால், மட்டம் பற்களைத் தொடாமல் தகட்டின் மேல் மட்டுமே படிய வேண்டும். இதைக் கவனிக்காமல் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்பவர்கள் பலர். ஒளி புகுந்தால் ஃபென்ஸின் மறைகளை அலன் கீயால் தளர்த்தி, மட்டத்தோடு ஒட்டவைத்து, மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். ஒரேயடியாக இறுக்கினால் இறுக்கும் வேகத்திலேயே ஃபென்ஸ் நகர்ந்துவிடும். சில இயந்திரங்களில் ஃபென்ஸ் அசையாது. அங்கு அளவுத்தகட்டின் திருகுகளைத் தளர்த்தி மேடையை நகர்த்த வேண்டும். பிளேடு மேடைக்குச் செங்குத்தாக இறங்குவதைத் தடுப்பு மறையும் அதைப் பூட்டும் நட்டும் முடிவு செய்கின்றன. எல்லாம் முடிந்த பிறகு, கடைசியாகத்தான் முள்ளைத் தளர்த்திச் சுழியத்தில் நிறுத்த வேண்டும். இங்கே முதலில் தொடப்படுவதே முள்ளாக இருக்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும் மட்டம் சொன்னதை இறுதித் தீர்ப்பாகக் கொள்ளலாகாது. மரம் சொல்ல வேண்டும். இணையான விளிம்புகள் கொண்ட 150 மி.மீ. அகலப் பலகை ஒன்றை நடுவில் அறுத்து, இரு துண்டுகளில் ஒன்றை மட்டும் தலைகீழாகப் புரட்டி, இரண்டையும் ஃபென்ஸில் சாய்த்து வெட்டுமுகங்களைச் சேர்த்தால், பிழை இருமடங்காகித் தெரியும். அரை பாகைப் பிழைக்கு 2.6 மி.மீ. இடைவெளி, கிழவரின் கண்ணுக்கும் தப்பாது. பிழையைப் பிழையோடு மோதவிட்டு அதையே சாட்சி சொல்ல வைக்கும் இந்த உத்தி, 1840இல் ஆங்கிலேயப் பொறியாளர் ஜோசப் விட்வொர்த் உலகுக்கு விளக்கிய மூன்று தகட்டு முறையின் எளிய உறவு. மூன்று இரும்புத் தகடுகளை ஒன்றோடொன்று மாற்றி மாற்றி ஒப்பிட்டு, மேடு தெரிந்த இடங்களைச் சுரண்டிக்கொண்டே போனால், வெளியிலிருந்து எந்த மூல அளவையும் கடன் வாங்காமல் மூன்றுமே சமதளமாகிவிடும் என்று அவர் காட்டினார். துல்லியம் கடையில் கிடைக்கும் சரக்கன்று, ஒப்பிட்டு ஒப்பிட்டு உண்டாக்கப்படுவது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மீண்டும் நான்கு மூலைச் சட்டத்துக்கு வர வேண்டும், ஏனெனில் அதில் இன்னொரு வஞ்சகம் ஒளிந்திருக்கிறது. ஃபென்ஸ் அரை பாகை கோணியிருக்கும்போது, இடப்பக்கம் திருப்பி ஒரு வெட்டும் வலப்பக்கம் திருப்பி ஒரு வெட்டும் போட்டால், ஒன்று 44.5, மற்றது 45.5 என்று விழுந்து, கூட்டினால் சரியாக 90 வந்துவிடும். மூலைமட்டம் வைத்துப் பார்க்கும் தச்சர் நிம்மதியடைவார். ஆனால் ஒரு சாய்முகம் மற்றதைவிட ஏறத்தாழ 2 மி.மீ. நீண்டு, முனைகள் ஒன்றையொன்று தாண்டி நிற்கும். அதைத் தேய்த்துச் சமன்செய்தால் சட்டத்தின் அகலம் மூலைக்கு மூலை வேறுபடும். ஆகவே இடம், வலம் இரண்டையும் தனித்தனியே சோதிக்காமல் சரிபார்த்தேன் என்று சொல்வது சரிபார்த்தலே ஆகாது. லேசர் கோடு இருக்கிறதே என்பாரும் உளர். லேசரும் ஒரு திருகில் தொங்கும் விளக்குதான், அதுவும் விலகும். பிளேடின் நிழலையே மரத்தில் விழச்செய்யும் விளக்கு வேறு. நிழல் பிளேடோடு சேர்ந்தே நகர்வதால் அதை நம்பலாம். எனினும் இரண்டுமே வெட்டு விழும் இடத்தைக் காட்டுமேயன்றிக் கோணத்துக்குச் சான்று ஆகமாட்டா.

மரத்தைப் பழிப்பவர்களும் அதைப் படித்துப் பழிப்பதில்லை. மரம் நீளவாக்கில் அநேகமாகச் சுருங்காமல் அகலவாக்கில் சுருங்குவதால், ஐப்பசி ஈரத்தில் அறுத்த சட்டம் 40 பாகை செல்சியஸைத் தாண்டும் திருச்சிக் கோடையில் உலரும்போது, ஒவ்வொரு மூலையும் உட்பக்கமாகத் திறக்கும், வெளிமுனை ஒட்டியே நிற்கும். சட்டம் பூட்டிய அன்றே தெரியும் இடைவெளிக்கு இந்தக் காரணம் பொருந்தாது. அது ரம்பத்தின் குற்றம், அல்லது சுவரின் குற்றம். பூசிய சுவர்மூலை 90 பாகை இருப்பது அரிது என்று கொத்தனார்களுக்கே தெரியும். 92 பாகை மூலையில் துல்லியமான 45ஐக் கொண்டுபோய் ஒட்டினால் பொருந்தாது. மூலையை அளந்து, பாதியாக்கி, அதை 90இலிருந்து கழித்து, முள்ளை 44இல் வைத்து அறுக்க வேண்டும். காடியில் விழுந்து நிற்கும் எண்ணுக்கு அடிமையானவருக்கு 44 என்று ஓர் எண் இருப்பதே மறந்துவிடுகிறது.

இந்த நம்பிக்கையின் கழிவுகள் எல்லாம் கடைசியில் ஃபெவிகாலும் மரத்தூளும் குழைத்த கலவையாக மூலைகளில் அப்பப்படுகின்றன. பாலிஷ் அடித்த ஆறு மாதத்தில் அது வெளுத்துத் தனியே தெரிகிறது. வாசல் எந்தத் திசை பார்க்க வேண்டும் என்று வாஸ்து கேட்கப் பணம் கொடுப்பவர்கள், அந்த வாசலின் சட்டம் மூலையில் பொருந்துவதற்கான அரை மணி நேரத்துக்குப் பணம் கொடுக்க மறுக்கிறார்கள். அண்டை மாவட்டத்து அரும்பாவூர் மரச்சிற்பங்களுக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது கைவினைஞரைக் கொண்டாடிய அதே சமூகம், வீட்டுத் தச்சருக்குச் சதுர அடிக் கணக்கில் கூலி பேசுகிறது. சதுர அடிக் கணக்கில் அறுத்தது எண்ணப்படும், சோதித்தது எண்ணப்படாது. ரம்பம் ஒவ்வொரு புது வீட்டிலும் இறங்கியவுடன் இரண்டு கழிவுப் பலகைகளை அறுத்துப் புரட்டிப் பார்க்கும் நேரம் கூலியில் தனியாகச் சேர்க்கப்பட வேண்டும். அதைச் சேர்க்க மறுக்கும் வீட்டுக்காரரும் ஒப்பந்தக்காரரும், மூலையில் தெரியும் இடைவெளிக்காகத் தச்சரின் கூலியில் ஒரு ரூபாயும் பிடிக்க உரிமையற்றவர்கள்.