பார்ட் இருக்கு, பேப்பர் எங்கே? பழைய குட்டி விமானங்களைத் தரையில் நிறுத்தும் சிக்கல்

அமெரிக்காவில் ஒரு சின்ன விமானத்தளம். ஹேங்கருக்குள்ளே 1950-களில் செய்த நான்கு இருக்கை விமானம் நிற்கிறது. இன்ஜின் ஜோராக ஓடுகிறது. இறக்கையிலும் குறையில்லை. ஆனால் ஃபிளாப்பைத் தாங்கும் ஒரு பிராக்கெட்டில் விரிசல். உள்ளங்கையில் அடங்கும் அலுமினியத் துண்டு அது. பக்கத்தில் இருக்கும் லேத் பட்டறையில் கொடுத்தால் அரை நாளில் செய்துவிடுவார்கள். ஆனாலும் அந்த விமானம் மாதக்கணக்கில் அசையாமல் நிற்கும்.

ஏன்? பழைய பைக்குக்கு ஸ்பேர் கிடைக்கவில்லை என்றால் வேறு பைக்கின் பாகத்தைக் கொஞ்சம் தேய்த்து மாட்டிக்கொள்ளலாம். யாரும் கேட்கப்போவதில்லை. விமானத்தில் அது நடக்காது.

சட்டம் என்ன சொல்கிறது?

ஒவ்வொரு விமான மாடலுக்கும் 'டைப் சர்டிஃபிகேட்' என்று ஒன்று உண்டு. இந்த மாடல் இன்ன வடிவத்தில், இன்ன உலோகத்தில், இன்ன அளவில் இருந்தால் பறக்கத் தகுதியானது என்று அரசு கொடுக்கும் ஒப்புதல் அது. மாட்டப்படும் ஒவ்வொரு பாகமும் அந்த வரைபடத்தோடு பொருந்த வேண்டும். பொருந்துகிறது என்பதற்கு ஆதாரமும் வேண்டும்.

அதனால் அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்ஏஏ சில வழிகளைத்தான் அனுமதிக்கிறது. விமானத்தைச் செய்த நிறுவனமே பாகத்தைத் தரலாம். 'பிஎம்ஏ' எனப்படும் தனி ஒப்புதல் பெற்ற வேறு நிறுவனம் செய்து விற்கலாம். போல்ட், நட்டு மாதிரியான சாமான்கள் பொதுத் தரத்தில் வருவதால் அதில் பிரச்சினை இல்லை. உடைந்துபோன விமானங்களைப் பிரித்து விற்கும் யார்டுகளிலும் வாங்கலாம். மெக்கானிக் சோதித்துப் பார்த்து, தகுதி இருக்கிறது என்று பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டும்.

இவ்வளவு கெடுபிடி சும்மா வரவில்லை. 1989-ல் நார்வேயிலிருந்து ஜெர்மனிக்குக் கிளம்பிய ஒரு கான்வேர் 580 விமானம் கடலில் விழுந்து, அதிலிருந்த 55 பேரும் இறந்தார்கள். வால் பகுதியைப் பிடித்திருந்த போல்ட்டுகளும் பின்களும் தரமற்ற போலிகள் என்பது விசாரணையில் தெரிந்தது. பார்வைக்கு ஒரிஜினல் மாதிரியே இருந்தால் மட்டும் போதாது என்பதை 55 உயிர் கொடுத்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

அப்புறம் எங்கே சிக்கல்?

செய்த கம்பெனியே இல்லாமல் போகும்போதுதான். அல்லது கம்பெனி இருந்தும், அந்தப் பாகத்தைச் செய்வதை நிறுத்திவிடும்போது. 44,000-க்கும் மேல் தயாரான செஸ்னா 172 மாதிரி மாடல் வைத்திருப்பவருக்குக் கவலை குறைவு. வாங்க ஆள் நிறைய என்பதால் மாற்றுப் பாகம் செய்பவர்களும் நிறைய. அந்த செஸ்னாவே வழக்குச் செலவுகளுக்குப் பயந்து 1986-ல் சிறு விமானத் தயாரிப்பை நிறுத்தியது. 18 ஆண்டுகள் கடந்த விமானத்துக்காகத் தயாரிப்பாளர் மீது பெரும்பாலும் வழக்குப் போட முடியாது என்று 1994-ல் சட்டம் வந்த பிறகுதான் மறுபடி ஆரம்பித்தது.

பீச்கிராஃப்ட் பொனான்சாவின் கதை வேறு. 1947 முதல் 1982 வரை வந்த இதன் 'வி' வடிவ வால் ரொம்பப் பிரபலம். அந்த வாலில் அசையும் பகுதியின் தோல் மெக்னீசியத் தகடு. எடை குறைவு, ஆனால் சீக்கிரம் அரித்துவிடும். புதுசு கிடைப்பது குதிரைக் கொம்பு. 'அலுமினியம் போட்டுக்கலாமே?' என்று தோன்றும். அங்கதான் விஷயம் இருக்கு. அலுமினியம் கனம் கூடியது. அசையும் பகுதியின் எடைச் சமநிலை கொஞ்சம் மாறினாலும், வேகத்தில் வால் படபடவென்று அதிர்ந்து முறியலாம். மாற்றுவழி கண்டுபிடிப்பவருக்குப் பரிசு என்று உரிமையாளர் சங்கத்தின் அறக்கட்டளையே அறிவிக்க வேண்டி வந்தது.

இன்னொரு வழி உண்டு: உரிமையாளரே தன் விமானத்துக்குப் பாகம் செய்துகொள்ளலாம். கையில் அரம் பிடிக்க வேண்டியதில்லை. வரைபடமோ மூலப்பொருளோ கொடுத்தோ, தயாரிப்பை மேற்பார்வை செய்தோ அவர் பங்கெடுத்தால் போதும். வெளியே விற்கக் கூடாது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அசல் வரைபடம் வேண்டுமே?

வரைபடத்துக்காக 14 வருஷம்

1930-களில் வந்த ஃபேர்சைல்டு எஃப்-45 என்ற அரிய விமானம் ஒன்றின் உரிமையாளர், அதைச் சரிசெய்ய எஃப்ஏஏ கோப்பில் இருந்த வரைபடங்களை 1997-ல் தகவல் சட்டத்தின் கீழ் கேட்டார். வணிக ரகசியம் என்று பழைய நிறுவனத்தின் வாரிசு நிறுவனம் ஆட்சேபிக்க, எஃப்ஏஏ கைவிரித்தது. வழக்குப் போட்டார், தோற்றார். அடுத்து அவருடைய நண்பர் அதே வரைபடத்தைக் கேட்டார். 'உங்கள் நண்பர் தோற்றபோதே இது முடிந்துவிட்டது' என்று கீழ் நீதிமன்றங்கள் சொல்லிவிட்டன. விவகாரம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒருவர் தோற்றதற்காக இன்னொருவரின் வழக்கைத் தடுக்க முடியாது என்று 2008-ல் ஒருமனதாகத் தீர்ப்பு வந்தது. டெய்லர் எதிர் ஸ்டர்ஜெல் என்ற அந்த வழக்கை அமெரிக்கச் சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். அதன் ஆரம்பம் ஒரு பழைய விமானத்தின் ரிப்பேர்.

2011-ல் கீழ் நீதிமன்றம் வரைபடங்கள் ரகசியமே அல்ல என்றது. காரணம் ஒரு பழைய கடிதம். பழுதுபார்க்கவும் மாற்றுப் பாகம் செய்யவும் இவற்றைப் பொதுமக்களுக்குக் கொடுக்கலாம் என்று ஃபேர்சைல்டு தரப்பே 1955-ல் அரசுக்கு எழுதியிருந்தது.

இப்போது என்ன நிலை?

2012-ல் ஒரு சட்டத் திருத்தம் வந்தது. சர்டிஃபிகேட் மூன்று வருஷமாவது செயலற்றுக் கிடந்து, அதன் உரிமையாளரைத் தேடியும் கண்டுபிடிக்க முடியாமல், தகவலைத் தருவது பாதுகாப்புக்கு உதவும் என்றால் எஃப்ஏஏ அதை வெளியிடலாம். 2022-ல் 'வார்மா' என்ற திட்டமும் அறிவிக்கப்பட்டது. 1980-க்கு முன் சான்று பெற்ற, 5,670 கிலோவுக்கு மிகாத விமானங்களுக்கு, செயலிழந்தாலும் பத்திரமாகத் தரையிறங்க முடியும் என்ற வகைப் பாகங்களுக்கு நடைமுறை எளிதாகிறது.

இரண்டுமே சரியான திசைதான். ஆனால் பெரிய ஓட்டை ஒன்று அப்படியே இருக்கிறது. கம்பெனியின் முகவரி தெரிகிறது, போன் எடுக்கிறார்கள், ஆனால் பாகத்தைச் செய்ய மாட்டார்கள், வரைபடமும் தர மாட்டார்கள் என்றால் 2012 திருத்தம் உதவாது. பொனான்சாவின் வால் போல உயிரோடு விளையாடும் பாகத்துக்கு 'வார்மா'வும் பொருந்தாது. அதாவது, சரியான வரைபடம் மிக அவசியமாகத் தேவைப்படும் இடத்தில்தான் கதவு மூடியிருக்கிறது. அந்த இடத்தில்தான் பேப்பர் இல்லாத பாகத்தைச் சத்தமில்லாமல் மாட்டிவிடும் ஆசையும் வரும்.

நிறுவனத்தின் உரிமையைப் பறிக்க வேண்டியதில்லை. குறிப்பிட்ட காலத்துக்கு மேல் ஒரு பாகத்தைச் செய்யாமல் விட்டால், அதன் வரைபடத்தை நியாயமான கட்டணத்துக்கு, அந்த மாடலை வைத்திருப்பவருக்கு மட்டும் தர வேண்டும் என்று விதி கொண்டுவரலாம். ஃபேர்சைல்டு இதைக் கட்டணம்கூடப் பேசாமல் 1955-லேயே எழுதிக் கொடுத்தது.