ஸம்ஸம் நீருக்குப் போலி அறிவியல் எதற்கு?

சென்ற மாதம் படிவம் நான்கில் பயிலும் மாணவர் ஒருவர் புலனத்தில் எனக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தார். ‘ஸம்ஸம் கிணற்றில் 24 மணி நேரம் தொடர்ந்து விநாடிக்கு 8,000 லிட்டர் நீர் இறைத்தார்கள், நிறுத்திய 11 நிமிடங்களில் கிணறு மீண்டும் நிறைந்துவிட்டது, விஞ்ஞானிகள் வியப்பு!’ என்றது அச்செய்தி. அதன் கீழே அவர் இப்படிக் கேட்டிருந்தார்: “ஐயா, இது உண்மையா? நண்பனின் பாட்டி உம்ரா சென்று வந்தபோது எனக்கும் ஒரு சிறு குவளையில் அந்த நீரைக் கொடுத்தார். அவரிடம் கேட்கத் தயக்கமாக இருக்கிறது.”

நல்ல கேள்வி. தயங்க வேண்டிய கேள்வியும் அல்ல.

முதலில் சமயத்தைப் பார்ப்போம். இப்ராஹிம் நபியின் துணைவியார் ஹாஜரா அம்மையார், கைக்குழந்தை இஸ்மாயிலுடன் நீரற்ற மக்கா பள்ளத்தாக்கில் தனித்திருந்தார். குழந்தை தாகத்தால் துடித்தது. யாராவது தென்படுவார்களா என்று ஸஃபா, மர்வா என்ற இரு குன்றுகளுக்கிடையே அந்தத் தாய் ஏழு முறை ஓடினார். முடிவில் குழந்தை கிடந்த இடத்தருகே நீர் பொங்கியது என்பது இஸ்லாமிய மரபு. இன்றும் ஹஜ், உம்ரா செல்வோர் அதே குன்றுகளுக்கிடையே ஏழு முறை நடக்கிறார்கள். தமிழ் முஸ்லிம்கள் இதைத் ‘தொங்கோட்டம்’ என்பார்கள். மொத்தத் தூரம் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர். ஒரு தாயின் தவிப்பை ஒவ்வொருவரும் தம் காலால் நடந்து நினைவுகூரும் வழிபாடு இது. பாட்டி கொடுத்த அந்தக் குவளை நீரின் மதிப்பு இங்கேதான் இருக்கிறது. அதை எந்த ஆய்வுக்கூடத்தாலும் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது.

இனி அறிவியலுக்கு வருவோம். ஸம்ஸம் கிணறு, கஃபாவிலிருந்து ஏறத்தாழ 20 மீட்டர் தூரத்தில் உள்ளது. கையால் தோண்டப்பட்ட அதன் ஆழம் சுமார் 30 மீட்டர். விட்டம் இடத்துக்கு இடம் 1.08 மீட்டரிலிருந்து 2.66 மீட்டர் வரை மாறுகிறது. கிணற்றின் மேற்பாதி, இப்ராஹிம் பள்ளத்தாக்கின் மணல் வண்டலுக்குள் இருக்கிறது. கீழ்ப்பாதி கெட்டியான பாறை. இரண்டுக்கும் நடுவே அரை மீட்டர் அளவில், சிதைந்து நீர் புகக்கூடிய பாறை அடுக்கு ஒன்று உண்டு. பெரும்பாலான நீர் அதன் வழியாகத்தான் உள்ளே வருகிறது. பள்ளத்தாக்கில் பெய்யும் மழையும் சுற்றியுள்ள மலைகளிலிருந்து வழிந்து வரும் நீரும் மண்ணுக்குள் இறங்கி இந்த ஊற்றை நிரப்புகின்றன. போகும் வழியில் மண்ணிலும் பாறையிலும் உள்ள கால்சியம், மெக்னீசியம், சோடியம் போன்ற தாதுக்கள் நீரில் கரைகின்றன. தனிச்சுவைக்குக் காரணம் அதுவே. அதன் பி.எச். மதிப்பு ஏறத்தாழ 8. அதாவது சற்றே காரத்தன்மை கொண்டது.

இப்போது மாணவரின் செய்திக்கு வருவோம். பேனாவை எடுங்கள். கிணறு முழுவதும் மிக அகலமான 2.66 மீட்டர் விட்டத்திலேயே இருக்கிறது, விளிம்பு வரை நீர் நிறைந்திருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். உருளையின் கொள்ளளவு சூத்திரப்படி அதில் சுமார் 167,000 லிட்டர் நீர் இருக்கும். விநாடிக்கு 8,000 லிட்டர் இறைத்தால் 21 விநாடிகளில் கிணறு காலி! 24 மணி நேரத்துக்கு இறைத்தால் 691 மில்லியன் லிட்டருக்கு மேல் வரும். இது 270க்கும் அதிகமான ஒலிம்பிக் நீச்சல் குளங்களை நிரப்பும். அரை மீட்டர் பாறை அடுக்கின் வழியாக ஒரு சிற்றாறே பாய்ந்தால்தான் இது நடக்கும். எங்கோ யாரோ அலகை மாற்றி எழுதியிருக்கலாம். பிறகு வந்தவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்காமலேயே பகிர்ந்திருக்கிறார்கள்.

உண்மையில் இக்கிணறு தரும் நீரின் அளவு விநாடிக்கு 11 முதல் 18.5 லிட்டர். நாள் கணக்கில் பார்த்தால் சுமார் 950,000 லிட்டரிலிருந்து 1.6 மில்லியன் லிட்டர் வரை. மக்காவில் ஆண்டுக்குச் சுமார் 110 மில்லிமீட்டர் மழைதான் பெய்கிறது. நம் நாட்டிலோ 2,000 மில்லிமீட்டருக்கு மேல். அப்படிப்பட்ட வறண்ட பள்ளத்தாக்கில் ஒரு கிணறு இவ்வளவு நீர் தருவது வியப்பில்லையா? உண்மையான எண்ணே போதுமான அளவுக்கு வியப்பூட்டும்போது ஊதிப் பெருக்கிய எண் எதற்கு?

இன்னொரு செய்தியும் சுற்றுகிறது. ஜப்பானியரான மசாரு இமோட்டோ எடுத்த படங்களில் ஸம்ஸம் நீரின் பனிப்படிகங்கள் தனியழகோடு இருந்தன, அதுவே அறிவியல் சான்று என்பார்கள். எந்தப் படிகத்தைப் படமெடுப்பது, எந்தப் படத்தை வெளியிடுவது என்பதை மனிதரே தேர்ந்தெடுத்தால் அது சோதனை ஆகாது. வேறு ஆய்வாளர்கள் செய்தாலும் அதே முடிவு கிடைக்க வேண்டும். பள்ளி ஆய்வுக்கூடத்தில் உங்களுக்குச் சொல்லித்தரும் முதல் பாடமே அதுதானே!

‘இந்த நீரில் கிருமியே அண்டாது’ என்பதும் அப்படித்தான். சவூதி புவியியல் ஆய்வு நிறுவனம் ஸம்ஸம் நீருக்கென்றே ஓர் ஆய்வு மையம் வைத்திருக்கிறது. நீர்மட்டம், வெப்பநிலை, பி.எச்., மின்கடத்துதிறன் ஆகியவற்றைக் கருவிகள் இடைவிடாமல் அளக்கின்றன. 2010இல் தொடங்கிய மன்னர் அப்துல்லா ஸம்ஸம் நீர்த் திட்டத்தில் நீர் வடிகட்டப்பட்டு, புற ஊதாக் கதிரால் தூய்மைப்படுத்தப்படுகிறது. கிணற்றின் காவலர்களே இவ்வளவு கவனமாக இருக்கிறார்கள். சோதிப்பது இறைநம்பிக்கைக்கு எதிரானது என்று அவர்கள் நினைக்கவில்லை.

2011இல் பிரிட்டனில் ஸம்ஸம் என்ற பெயரில் விற்கப்பட்ட நீரில் அளவுக்கு மீறி ஆர்சனிக் இருப்பதாக பிபிசி செய்தி வெளியிட்டது. மக்காவிலிருந்து எடுத்து வரப்பட்ட மாதிரியிலும் அப்படியே என்றது. சவூதி அதிகாரிகள் மறுத்தனர். பிரான்சின் லியோன் நகரிலுள்ள ஆய்வுக்கூடம் ஒன்று சோதித்து, ஸம்ஸம் நீர் குடிக்க உகந்தது என்று அறிவித்தது. குற்றச்சாட்டும் சோதனையிலிருந்து வந்தது. பதிலும் சோதனையிலிருந்தே வந்தது. கவனியுங்கள்: ஸம்ஸம் நீரை வணிகத்துக்காக ஏற்றுமதி செய்ய சவூதி அனுமதிப்பதில்லை. ஆகவே, கடையிலோ இணையத்திலோ ‘ஸம்ஸம்’ என்று விற்கப்படும் நீரை எச்சரிக்கையோடு பாருங்கள். பக்தி கொண்டவர்களைத்தான் போலிகள் முதலில் ஏமாற்றுகின்றன.

என் கருத்து இதுதான். ‘இந்த நீர் எங்களுக்கு ஏன் புனிதமானது?’ என்பது ஒரு கேள்வி. ‘இந்த நீரில் என்ன இருக்கிறது, எங்கிருந்து வருகிறது?’ என்பது வேறொரு கேள்வி. முதல் கேள்விக்குச் சமயம் பதில் சொல்லும். இரண்டாவதற்கு அறிவியல் பதில் சொல்லும். ஒன்றின் பதிலைக் கொண்டுபோய் மற்றொன்றின் இடத்தில் வைத்தால் இரண்டுமே கெட்டுவிடும். இன்று போலிச் சான்றைக் காட்டி நம்பிக்கையைத் தாங்கிப் பிடித்தால், நாளை அந்தச் சான்று உடையும்போது நம்பிக்கையும் ஆட்டம் காணும். வற்றவே வற்றாது என்று சொல்லிக்கொண்டிருந்தால் கிணற்றைக் காக்கும் பொறுப்பும் மறந்துபோகும். மக்காவில் கட்டடங்கள் பெருகப் பெருக, மண்ணுக்குள் இறங்கும் மழைநீர் குறைந்திருக்கிறது என்பதும் உண்மைதானே.

நபிகள் நாயகம் தொழுகைக்கு முன் ஒளுச் செய்ய ஒரு ‘முத்து’ நீரையே பயன்படுத்தினார் என்று நபிமொழி நூல்கள் கூறுகின்றன. முத்து என்பது இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவு. ஒரு லிட்டருக்கும் குறைவு. பல் துலக்கும்போது நாம் குழாயை எவ்வளவு நேரம் திறந்து வைக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள்.

அந்த மாணவருக்கு நான் எழுதிய பதில் சுருக்கமானது: “தம்பி, செய்தியில் உள்ள கணக்கு தவறு. பாட்டி கொடுத்த நீரில் தவறில்லை. அவரிடம் தயங்காமல் ஹாஜரா அம்மையாரின் கதையைக் கேள். பிறகு இந்தக் கணக்கை உன் நண்பனோடு சேர்ந்து போட்டுப் பார்.”