விலக்கில் நடுங்கும் கை

இராமநாதபுரம் மாவட்டத்தில் பெரிய சாலையிலிருந்து ஊருக்குள் கிளைச்சாலை பிரியும் இடம் 'விலக்கு'. நாற்பத்தெட்டு மடைக் கண்மாய்க்குப் பேர்போன ஆர்.எஸ்.மங்கலத்தைச் சுற்றி அப்படிப் பல விலக்குகள். சிலவற்றில் சீமைக்கருவேலம் தார் விளிம்புவரை வளர்ந்து நிற்கிறது. முள்ளுக்குப் பின்னாலிருந்து டிராக்டரின் மூக்கு சாலைக்குள் நீளும்போது, பின்னால் உட்கார்ந்து ஓட்டுகிறவரின் கண்ணுக்கு இன்னும் சாலையே தெரியாது. "நேர் ரோட்டுல ஓட்டிருவேன் சார், விலக்கு வந்தாத்தான் கை நடுங்குது" என்று புதிதாக பைக் லைசென்ஸ் எடுத்தவர்கள் சொல்வது இதைத்தான்.

"போகப் போகச் சரியாயிரும்" என்பது டிரைவிங் ஸ்கூல்களின் வழக்கமான பதில். அதில் பாடம் எதுவும் இல்லை.

அந்த நடுக்கத்துக்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் தலைமையிலான குழு, லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தில் சுமார் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்து 1981இல் அறிக்கை வெளியிட்டது. இன்னொரு வாகனம் மோதிய விபத்துகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டில், பைக்குக்கு வழிவிட வேண்டிய வாகனம் வழிவிடவில்லை. பைக்கைக் கவனிக்கவில்லை என்பதே முதன்மைக் காரணம். எதிரே வந்த கார் பைக்கின் குறுக்கே திரும்பியதுதான் அடிக்கடி கண்ட காட்சி. அங்கே அது இடப்புறத் திருப்பம், நம் ஊரில் வலப்புறத் திருப்பம். விபத்தில் சிக்கிய பைக் ஓட்டுநர்களில் 92 சதவீதம் பேர் தாங்களாகவோ குடும்பத்தார், நண்பர்களிடமோ ஓட்டக் கற்றவர்கள் என்ற தகவல், பயிற்றுநர்கள் சுவரில் ஒட்டிவைக்கத் தக்கது. இந்தியாவிலும் நிலைமை லேசானதல்ல. 2022இல் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் 44.5 சதவீதம் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள்.

கவனிக்காமல் போவது எப்படி? பைக்கின் முகம் குறுகலானது; காரின் முன்தூணோ பஸ்ஸின் பக்கக் கண்ணாடியோ அதை முழுதாக மறைத்துவிடும். கண்ணில் பட்டாலும் சிக்கல் தீராது. சிறிய உருவம் வந்துசேர நேரமாகும் என்றே மனிதக் கண் கணக்குப் போடுகிறது. "தூரத்துல வருதுன்னு நெனச்சேன்" என்று லோடு ஆட்டோக்காரர் சொல்வது பல நேரம் பொய்யல்ல. புதிய இருசக்கர வாகனங்களில் பகலிலும் தானாக ஹெட்லைட் எரிய வேண்டும் என்ற விதி 2017 ஏப்ரலில் வந்ததும் இதற்காகத்தான்.

ஹர்ட் அறிக்கையின் இன்னொரு கண்டுபிடிப்பு நேரே பயிற்றுநரின் வேலையைத் தொடுகிறது. தப்பிக்கக் கிடைத்த நேரம் பெரும்பாலும் இரண்டு வினாடிக்கும் குறைவு. அதற்குள் பெரும்பாலோர் பின் பிரேக்கை அழுத்தி வழுக்கினார்கள். முன் பிரேக்கைப் போதிய அளவு பிடிக்கவில்லை. "முன் பிரேக்கைப் புடிச்சா தூக்கி அடிச்சிரும்" என்ற பேச்சோடு வளர்ந்த நம் மாணவர்களும் அதையேதான் செய்வார்கள்.

லைசென்ஸுக்குப் போடும் எட்டு, சமநிலையைச் சோதிக்கிறது. விலக்கில் தேவைப்படும் பார்வையையும் பிரேக்கையும் அது தொடுவதில்லை. எட்டு போடத் தெரிந்தவருக்கு ஏன் இன்னும் பயம் என்று கேட்பதில் அர்த்தமில்லை.

முதலில் பிரேக். ஆளில்லாத, மணலில்லாத இடத்தில் 20 கிலோமீட்டர் வேகத்தில் தொடங்கி, முன் பிரேக்கை வெடுக்கென்று இழுக்காமல் பிழிந்து இறுக்கவும், பின் பிரேக்கைச் சேர்த்துப் பிடிக்கவும் பழக்கலாம். சாக்பீஸால் கோடு போட்டு, நின்ற இடத்தை மாணவரே அளக்கட்டும். அடுத்தது வேகம். ஒரு வினாடி யோசிக்கப் போனால், நல்ல தார்ச்சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் நிற்க ஏறத்தாழ 40 மீட்டர் வேண்டும். 40 கிலோமீட்டரில் அதில் பாதி போதும். விலக்குக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, விரல்களை பிரேக் லீவர் மேல் வைத்துக்கொள்வதன் பொருள் இந்தக் கணக்கில் தெரிந்துவிடும்.

மூன்றாவது, இடம். முள்மரம் இடப்பக்கம் மறைத்தால் தன் பாதைக்குள்ளேயே சற்று வலப்பக்கம் ஒதுங்கினால் இரு தரப்பும் முன்னதாகவே பார்த்துக்கொள்ளும். நிற்கும் வாகனத்தின் முன்சக்கரத்தைப் பார்க்கச் சொல்லலாம். ஓட்டுநரின் முகத்தைவிட அது முன்னதாக உண்மையைச் சொல்லும். கிளைச்சாலையிலிருந்து ஏறுகிறவர் பிரதான சாலைக்கு வழிவிட வேண்டும் என்பது சட்டம். எதிராளி அதை மறந்திருக்கலாம் என்று வைத்துக்கொண்டே பைக்கை ஓட்ட வேண்டும்.

இவ்வளவும் ஆன பிறகே விலக்கு. முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை காலை, வண்டியில்லாமல். பயிற்றுநரும் மாணவரும் அரை மணி நேரம் ஓரமாக நின்று யார் எப்படித் திரும்புகிறார்கள் என்று பார்க்கட்டும். மறுநாள் இடப்புறத் திருப்பம், பிறகு நேரே கடப்பது, கடைசியாக வலப்புறத் திருப்பம். ஒரு கட்டத்தில் கை நடுங்காமல் நான்கைந்து முறை போய்வந்த பின்பே அடுத்த கட்டம். டிரைவிங் ஸ்கூல்கள் தங்கள் பயிற்சி அட்டையில் எட்டுக்கு அடுத்து 'விலக்கு' என்று ஒரு கட்டம் சேர்த்து, அதற்கும் தேதி போட்டுக் கையெழுத்திடலாம்.