நாய்க்குக் கால் முறிந்தால் என்னிடம் வராதீர்கள்!

சி.டி.எச். ரோட்டில் ராத்திரி நேரத்தில் லாரிகள் போகிற வேகம் பட்டாபிராம்வாசிகளுக்குத் தெரியும். கேட் கொஞ்சம் திறந்திருந்தால் போதும், வீட்டு நாய் ஒரே ஓட்டமாக ரோட்டுக்குப் போய்விடும். அடிபட்டுக் கால் தொங்கினால், சிலர் நேரே சித்த வைத்தியரிடம் தூக்கி வருகிறார்கள்.

''டாக்டர், மனுஷங்களுக்குக் கட்டுற மாதிரி இதுக்கும் ஒரு கட்டு போட்டுவிடுங்க. பத்து நாள்ல ஓடிடும்!''

கல்லூரியில் முறையாகச் சித்த மருத்துவம் படித்தவன் நான். என் வைத்தியத்தின் மேல் எனக்கு மதிப்பு உண்டு. அதனால்தான் சொல்கிறேன்: நாயின் கால், கால்நடை டாக்டரின் வேலை. எங்கள் கட்டும் வேண்டாம், புத்தூர் கட்டும் வேண்டாம்.

ஏன்? முறிந்த இடத்துக்கு மேல் மூட்டும் கீழ் மூட்டும் அசையாமல் இருந்தால்தான் கட்டுக்குப் பலன். நாயின் பின்தொடை எலும்பு முறிந்தால், மேல் மூட்டு இடுப்பில் இருக்கிறது. அதை எப்படிக் கட்டுவது? பாதித் தொடையோடு நிற்கிற கட்டு கனமாகத் தொங்கி, முறிவை இன்னும் விலக்கிவிடும். அதற்குப் பெரும்பாலும் கம்பியோ பிளேட்டோ வைத்து ஆபரேஷன்தான். பொமரேனியன் மாதிரி சின்ன ஜாதி நாய்களுக்கு முன்கால் எலும்பில் ரத்த ஓட்டம் குறைவு. வெறும் கட்டில் எலும்பு சேராமலே போவதுண்டு. அதோடு, வண்டியில் அடிபட்ட நாய்க்கு நெஞ்சிலும் வயிற்றிலும் உள்காயம் இருக்கலாம். எக்ஸ்ரே எடுத்துப் பார்க்காமல் யார் கட்டினாலும் அது குருட்டு வைத்தியம்.

அப்படியானால் வீட்டில் உள்ளவர்களுக்கு வேலையே இல்லையா? நிறைய இருக்கிறது.

வலியில் செல்ல நாயும் கடிக்கும். நன்றாக மூச்சு விடுகிறது, வாந்தி இல்லை என்றால் துப்பட்டாவால் வாயைத் தளர்வாகக் கட்டுங்கள். பலகையிலோ, இழுத்துப் பிடித்த போர்வையிலோ படுக்க வைத்துத் தூக்குங்கள். எலும்பு வெளியே தெரிந்தால் சுத்தமான துணியால் மூடுங்கள். மஞ்சள், காபித்தூள், எண்ணெய் எதுவும் கூடாது. உருவிவிடவே கூடாது. மயக்க மருந்து தரவேண்டி வரலாம் என்பதால் சாப்பாடு கொடுக்காதீர்கள். முக்கியமாக, நாம் போடுகிற பாரசிட்டமால், புரூஃபன் மாத்திரைகள் நாய்க்கு ஆபத்து. தெரு நாயைத் தூக்கும்போது கடியோ கீறலோ பட்டால், சோப்புப் போட்டுக் கால்மணி நேரம் கழுவிவிட்டு, அன்றே ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

பக்கத்துக் கால்நடை டாக்டரிடம் எக்ஸ்ரே, ஆபரேஷன் வசதி இல்லையென்றால், வேப்பேரியில் 1903-ல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி இருக்கிறது. கொஞ்சம் தூரம்தான். ஆனால் போகலாம்.

வைத்தியம் முடிந்து வீடு திரும்பிய பிறகுதான் உங்கள் பொறுமைக்குச் சோதனை. குட்டி என்றால் மூன்று நாலு வாரத்திலேயே எலும்பு சேரலாம். வளர்ந்த நாய்க்கு ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும். அதுவரை ஒரு சின்ன இடத்தில் அடக்கி வையுங்கள். மாடிப்படி வேண்டாம். வழுக்கும் டைல்ஸ் தரையில் கோணிப்பை விரியுங்கள். ஈரம் படாமல் கட்டைப் பாதுகாக்க வேண்டும். வெளியே போகும்போது பிளாஸ்டிக் பை மாட்டி, வந்ததும் கழற்றிவிடுங்கள். விரல் வீங்கினாலோ, சில்லிட்டாலோ, நாற்றம் வந்தாலோ உடனே டாக்டரிடம் ஓடுங்கள். பிரண்டைத் துவையலை நீங்கள் சாப்பிடுங்கள். டாக்டரைக் கேட்காமல் நாய்க்கு வேண்டாம். கால்சியம் டானிக்கும் அப்படித்தான். வளர்கிற குட்டிக்கு அது அதிகமானால் எலும்பே கெடும்.

''ஒரு நாய்க்கு இவ்வளவு செலவா?'' என்று வீட்டில் முணுமுணுப்பு வரும். நியாயமான கேள்விதான். டாக்டரிடம் கூச்சப்படாமல் செலவைப் பேசுங்கள். காலைக் காப்பாற்ற முடியாமல் எடுக்க நேர்ந்தாலும் கலங்காதீர்கள். மூன்று காலில் ஓடி விளையாடுகிற நாய்கள் எத்தனையோ! மூலையில் கட்டிப்போட்டு 'தானா சரியாயிடும்' என்று விட்டுவிடுவதுதான் கொடுமை.

நம் வாசலைக் காத்த ஜீவன். அதற்கு நாம் செய்யவேண்டிய முதல் வைத்தியம், சரியான டாக்டரிடம் சேர்ப்பது. இரண்டாவது, இன்றைக்கே கேட்டுக்கு ஒரு நல்ல தாழ்ப்பாள் போடுவது!