மழையைக் கேட்டுக் கூரை போடுவோம்

வீடு கட்டும்போதும் புதுப்பிக்கும்போதும் தரையில் பதிக்கும் கற்களைப் பற்றியும் சுவரின் வண்ணத்தைப் பற்றியும் பல நாள் பேசுகிறோம். கூரையின் வடிவத்தைப் பற்றி மட்டும் அவ்வளவாகச் சிந்திப்பதில்லை. இன்று ஈப்போவின் குடியிருப்புப் பகுதிகளில் பெட்டி போன்ற தட்டைக் கூரை வீடுகளையும் காண்கிறோம். அவை பார்ப்பதற்கு அழகாகவே இருக்கின்றன. ஆயினும், நம் நாட்டின் மழைக்கும் வெயிலுக்கும் சரிவான கூரையே ஏற்றது என்பது என் கருத்து.

வீட்டுக் கூரைகளைப் பொதுவாக நான்கு வகையாகப் பிரிக்கலாம். நடுமுகட்டிலிருந்து இரு பக்கமும் இறங்குவது இருசரிவுக் கூரை. அதன் முக்கோணச் சுவரில் காற்றுத் துளைகள் வைத்தால், மேலெழும் வெப்பக் காற்று வெளியேறிவிடும். நான்கு பக்கமும் இறங்குவது நாற்சரிவுக் கூரை. காற்று மோதுவதற்கு உயர்ந்த முக்கோணச் சுவர் இல்லாததால், இது பலத்த காற்றை நன்கு தாங்கும். ஒரு பக்கம் மட்டும் சாய்ந்திருப்பது ஒருசரிவுக் கூரை. சமையலறைக்கும் வாகனம் நிறுத்தும் இடத்துக்கும் இதைப் பெரும்பாலும் போடுவர். நான்காவது, தட்டைக் கூரை.

தமிழ்நாட்டில் மொட்டை மாடி வீடுகள் மிகுதி. அங்கே வற்றல் காயவைப்பதற்கும் கோடை இரவில் உறங்குவதற்கும் அது பயன்படுகிறது. சென்னையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்துவிடும். ஈப்போவிலோ ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதுவும் ஆண்டு முழுவதும் பரவலாகப் பெய்கிறது. தைப்பிங், நாட்டிலேயே மழை மிகுந்த நகரங்களுள் ஒன்று. ஓர் ஊருக்குப் பொருந்தும் கூரை மற்றோர் ஊருக்கும் பொருந்தும் என எண்ணுவது சரியன்று.

என் பெற்றோர் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் வாழ்ந்தனர். பல குடும்பங்களுக்கு ஒரே நீண்ட தகரக் கூரை. நண்பகலில் உள்ளே புழுங்கும். கனமழை பெய்தால் பேச்சே கேட்காது. அந்த லயத்து வாழ்க்கையை நான் உயர்வாகச் சொல்ல வரவில்லை. எனினும், அந்த இருசரிவுக் கூரையில் மழைநீர் ஒரு நொடியும் தங்கியதில்லை. அதன் விளிம்பு வாசலைத் தாண்டி நீண்டிருந்ததால், மழை நேரத்திலும் கதவைத் திறந்து வைத்துத் திண்ணையில் அமர முடிந்தது. குறை தகரத்தில் இருந்தது, வடிவத்தில் இல்லை.

பின்னர் நாங்கள் ஈப்போவில் ஒரு தொடர் வீட்டுக்குக் குடிபெயர்ந்தோம். சமையலறையைப் பின்புறம் நீட்டியபோது, புதுமையாக இருக்கட்டும் என்று தட்டையான கான்கிரீட் கூரை போட்டோம். இரண்டாம் ஆண்டிலேயே அது ஒழுகத் தொடங்கியது. நீர் வெளியேறும் துளையை இலைகள் அடைத்திருந்தன. தேங்கிய நீர் விரிசல் வழியே கசிந்தது. அப்பா சேமித்து வைத்திருந்த பணத்தில் ஒரு பகுதி மீண்டும் கூரைக்கே செலவானது. இவ்வாறு நீர் தேங்கினால் ஏடிஸ் கொசுவும் பெருகும் என்பதை நாம் மறக்கக்கூடாது.

தட்டைக் கூரைக்கும் நன்மைகள் உண்டு. நீர்த்தொட்டி வைக்கலாம், துணி காயவைக்கலாம், பின்னாளில் மாடி எழுப்பலாம். நீர் புகாத பூச்சு முறையாகப் பூசி, அடிக்கடி மேலேறித் துப்புரவு செய்தால் அது நெடுநாள் உழைக்கும். ஆனால், நம்மில் எத்தனை பேர் அப்படிச் செய்கிறோம்?

சரிவு மட்டும் போதும் என்றும் நான் சொல்லவில்லை. தகரத்தின் கீழே வெப்பத் தடுப்புப் படலம் வேண்டும். கூரை விளிம்பு சுவரைத் தாண்டி நீள வேண்டும். தொடர் வீடுகளில் நம் கூரை நீர் அண்டை வீட்டில் விழாதவாறு சரிவின் திசையை அமைக்க வேண்டும். வரைபடத்துக்கு ஊராட்சி மன்றத்தின் அனுமதியையும் முதலிலேயே பெற வேண்டும்.

‘வெள்ளம் வருமுன் அணை போடு’ என்பது பழமொழி. வீட்டுக்குக் கூரை போடும் முன், நம் ஊர் மழையையும் வெயிலையும் எண்ணிப் பார்ப்போம். அழகை அதற்குப் பின்னர்த் தேர்ந்தெடுப்போம்.