சிரம்பையடியில் இருக்கிறதும் ஒரு பேண்ட் தான்

சிலாபத்தில இருந்து கற்பிட்டி வரைக்கும் இந்தக் கரையில வளர்ந்த எங்களுக்கு ஒரு விஷயம் நல்லாத் தெரியும். கலியாண வீடோ, ட்ரிப் போற பஸ்ஸோ, கிரிக்கெட் மேட்ச்சோ, அநேகமாக எல்லாம் கடைசியில பைலாவிலதான் போய் முடியும். அதுவரை மூலையில கையைக் கட்டிக்கொண்டு நின்ற மாமாவும் எழும்பி ஆடத் தொடங்குவார். இந்தத் தாளம் எங்கேயிருந்து வந்தது என்று யாராவது கேட்டால், "போர்த்துக்கீசர் கொண்டு வந்தது" என்று ஒரே வரியில் கதையை முடித்துவிடுவோம்.

அந்த ஒரு வரியில் ஒரு கூட்டம் மனிதர்கள் விடுபட்டுப் போகிறார்கள். அவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எங்கட புத்தளம் டவுனுக்குப் பக்கத்திலேயே, சிரம்பையடியில் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு பேண்டும் இருக்கு. பெயர் சிலோன் ஆபிரிக்கன் மஞ்சா. கம்பனி எதையும் நம்பாமல், சொந்தக்காரர்களும் அயலவர்களும் சேர்ந்து, தங்கள் பாட்டைத் தாங்களே பாடுகிற குழுவுக்கு இண்டி பேண்ட் என்றுதானே பெயர்? அப்படியென்றால் இந்த மாவட்டத்தின் மூத்த இண்டி மரபு இதுதான் என்பது எங்கள் கட்சி.

கொஞ்சம் வரலாறு. போர்த்துக்கீசர், பிறகு ஒல்லாந்தர், பிறகு ஆங்கிலேயர் என்று மூன்று பேருமே ஆபிரிக்காவிலிருந்து ஆட்களை இங்கே கொண்டுவந்தார்கள். சிலர் அடிமைகளாக வந்தார்கள், சிலர் கூலிகளாக, சிலர் படைவீரர்களாக. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயரின் படைப்பிரிவில் இருந்த காப்பிரிய வீரர்களில் ஒரு பகுதியினர், படை வாழ்க்கை முடிந்தபின் புத்தளத்தில் குடியேறினார்கள். சிரம்பையடிக் குடும்பங்கள் அந்த வழியில் வந்தவை. பெரும்பாலும் கத்தோலிக்கர். சிங்களவரோடும் தமிழரோடும் கலந்து கலியாணம் செய்தவர்கள். இன்று வீட்டில் பேசுவது சிங்களம். 2012 குடிசன மதிப்பீட்டின் இனப் பட்டியலில் அவர்களுக்கென்று தனிப் பெயர் கிடையாது, "ஏனையோர்" என்பதற்குள்தான் அடக்கம்.

இனி இசைக்கு வருவோம். மஞ்சா என்றால் பட்டம் விடுகிற மாஞ்சா நூல் இல்லை, அவர்களுடைய பாட்டின் பெயர். பாட்டு இருப்பது போர்த்துக்கீசக் கிரியோலில். ஒரு காலத்தில் இந்தத் தீவின் துறைமுகங்களில் பல இனத்தாரும் பேசிய மொழி அது. ஒரு பாட்டில் சில வரிகள்தான் இருக்கும். அதையே திரும்பத் திரும்பப் பாடுவார்கள். மெதுவாகத் தொடங்கும், போகப் போக வேகம் ஏறும், கடைசியில் சும்மா உட்கார்ந்திருக்க முடியாது. மேளத்தோடு சிரட்டை, மரத்துண்டு, கண்ணாடிப் போத்தலில் தட்டுகிற கரண்டி. வாத்தியம் வாங்கக் காசில்லை என்று பேண்ட் தொடங்காமல் இருக்கிற நண்பர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கவும்.

இன்று பாடுகிற இளம் ஆட்களுக்கு அந்த மொழி பேச வராது. பெரியவர்கள் பாடக் கேட்டு, சத்தத்தை அப்படியே மனதில் பிடித்து வைத்திருக்கிறார்கள். "அர்த்தம் தெரியாமல் பாடுறதெல்லாம் பாட்டா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கொரியன் பாட்டை வரிக்கு வரி பாடுற எங்களுக்கு அதைக் கேட்க என்ன தகுதி இருக்கு? மொழி போன பிறகும் பாட்டைப் போகவிடாமல் வைத்திருப்பது சின்ன வேலை இல்லை.

ஒரு பேண்டின் வளர்ச்சியைப் பற்றிப் பேசினால் நாங்கள் உடனே ஒரு ஏணியைக் கற்பனை செய்கிறோம். முதல் பாட்டு, யூடியூப் வியூஸ், கொழும்பில் ஷோ, பிறகு சினிமா சான்ஸ். பைலா அந்த ஏணியில் நன்றாகவே ஏறியது. பொலிஸில் வேலை பார்த்த வொலி பஸ்தியன் 1940களில் அதைச் சிங்களப் பாட்டாக ஊரெல்லாம் கொண்டுபோனார். பிறகு ஜிப்சீஸ் போன்ற பேண்டுகள் வந்தன. 2021இல் சுனில் பெரேரா இறந்தபோது நாடே துக்கப்பட்டது. தமிழிலும் ஏ. ஈ. மனோகரனின் "சுராங்கனி" கடல் தாண்டித் தமிழ்நாட்டையே ஆட வைத்தது. இவர்கள் யாரையும் நாங்கள் குறை சொல்லவில்லை. பைலா ஒரே ஒரு சமூகத்தின் சொத்து என்றும் சொல்லவில்லை. மட்டக்களப்புப் பறங்கியரின் கலியாண வீடுகளிலும் கஃப்ரிஞ்ஞா ஆடப்படுகிறது. ஆனால் "கஃப்ரிஞ்ஞா" என்ற சொல்லுக்குள்ளேயே காப்பிரியரின் பெயர் இருக்கு. அந்தப் பெயரைச் சொல்லாமலேயே இவ்வளவு காலமும் ஆடிக்கொண்டிருக்கிறோம் என்பதுதான் எங்கட பிரச்சினை.

சிரம்பையடிக் குழுவுக்கு மேடை கிடைக்காமல் இல்லை. விழாக்களுக்குக் கூப்பிடுகிறார்கள், டீவியில் காட்டுகிறார்கள். எப்படிக் காட்டுகிறார்கள் என்பதுதான் கேள்வி. "அழிந்துவரும் இனம்", "கடைசி ஆபிரிக்கர்கள்" என்று தலைப்பு வரும். தலைமுடியைப் பற்றிக் கேட்பார்கள், பூட்டனாரைப் பற்றிக் கேட்பார்கள். இந்தத் தாளத்தை யாரிடம் பழகினீர்கள், புதுசா ஏதாவது பாட்டுக் கட்டுகிறீர்களா, ஒரு ஷோவுக்கு எவ்வளவு வாங்குகிறீர்கள் என்று கேட்பதில்லை. ஒரு இசைக்கலைஞரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை விட்டுவிட்டு, மியூசியத்தில் இருக்கிற பொருளைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார்கள்.

"அவங்களே ஆபிரிக்கன் என்று பெயர் வச்சிருக்காங்களே, பிறகென்ன?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வேரைப் பெருமையாகச் சொல்வது அவர்களின் தெரிவு. அந்தப் பெயரில் "சிலோன்" என்ற சொல் முதலில் நிற்பதையும் சேர்த்துத்தான் வாசிக்க வேணும். அவர்கள் எங்கோ இருந்து வந்த விருந்தாளிகள் இல்லை, இந்த ஊர்க்காரர்கள்.

பக்கத்து உதாரணம் ஒன்று சொல்கிறோம். சென்னையில் கானாவைச் செத்த வீட்டுப் பாட்டு என்று ஒதுக்கினார்கள், பிறகு சினிமா அதை ஒரு குத்துப்பாட்டு ஐட்டமாக எடுத்துக்கொண்டது. 2018 ஜனவரியில் பா. ரஞ்சித்தின் முயற்சியில் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடையேறியபோது கானாப் பாடகர்கள் அந்த மேடையின் சொந்தக்காரர்களாக நின்றார்கள். இசையைப் புதிதாகக் கண்டுபிடிக்கத் தேவைப்படவில்லை. யார் முன்னால் நிற்பது, யாருடைய பெயர் சுவரொட்டியில் வருவது என்பது மாறியது.

இங்கே அது நடக்க வேண்டுமென்றால் முதலில் எங்கட வாயைத் திருத்த வேணும். "காப்பிலி" என்ற சொல்லை நாங்கள் எப்படிப் பாவிக்கிறோம்? கறுப்பாக, சுருள் முடியோடு ஒரு பிள்ளை வகுப்பில் இருந்தால் அதற்கு அந்தப் பட்டப்பெயர். நாங்களும் சிரித்திருக்கிறோம், இல்லை என்று பொய் சொல்லத் தேவையில்லை. ராத்திரி அவர்களின் தாளத்துக்கு ஆடிவிட்டு, விடிந்ததும் அவர்களின் பெயரை வசவாகச் சொல்வது என்ன நியாயம்?

இரண்டாவது, காசும் பெயரும். உங்கள் கழக விழாவுக்கு, கம்பஸ் நிகழ்ச்சிக்கு அவர்களைக் கூப்பிட்டால் பத்து நிமிஷ "கலாசார ஐட்டம்" என்று கூப்பிடாதீர்கள். முழு ஷோ கொடுங்கள். மற்ற பேண்டுக்குப் பேசுகிற மாதிரியே காசு பேசுங்கள். மூன்றாவது, போனில் பதிவுசெய்து ரீல் போடுவதற்கு முன் கேளுங்கள். இந்த நாட்டின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் நிகழ்த்துபவருக்கு உரிமை இருக்கு, நாட்டார் கலை வெளிப்பாடுகளுக்கும் பாதுகாப்பு இருக்கு. அந்தத் தாளத்தை எடுத்து உங்கட பாட்டில் போட்டால் எங்கேயிருந்து எடுத்தது என்று எழுதுங்கள். அதற்கு ஒரு வரி போதும்.

இதில் எங்களுக்கென்ன என்று நினைக்க வேண்டாம். மொழி எப்படிப் போகும் என்று இந்தக் கரைக்குத் தெரியும். சிலாபத்துக்குத் தெற்கே பல மீனவக் குடும்பங்களில் பாட்டிக்குத் தமிழ், பேத்திக்குச் சிங்களம். உடப்பில் கரைவலை இழுக்கும்போது பாடுகிற அம்பாப் பாட்டு எங்களில் எத்தனை பேருக்கு முழுசாத் தெரியும்? நாளைக்கு எங்கட பாட்டையும் அர்த்தம் தெரியாமல் யாரோ ஒரு பிள்ளை பாட வேண்டி வரலாம். அப்போது அந்தப் பிள்ளையைக் காட்சிப் பொருளாகப் பார்க்காமல், ஒரு பாடகியாகப் பார்த்துக் கேட்க ஆள் வேணும்.

அடுத்த முறை ஊரில் ஒரு விழாவுக்கு "எந்த பேண்டைக் கூப்பிடுவம்?" என்ற பேச்சு வரும்போது சிலோன் ஆபிரிக்கன் மஞ்சாவின் பெயரையும் சொல்லிப் பாருங்கள். கொழும்பிலிருந்து வர பஸ் காசும் மிச்சம்.