இயற்கை என்னும் சொல்

இதயத்திற்கு நல்லதென்று எதையேனும் விற்க விரும்புவோர் முதலில் கைவைப்பது 'இயற்கை' என்ற சொல்லின் மேல்தான். ரத்த அழுத்த மாத்திரை இரசாயனம், ஆகவே அஞ்சத்தக்கது. வைட்டமின் ஈ இயற்கை, ஆகவே உண்ணத்தக்கது. சொற்களோடு அன்றாடம் புழங்கும் நாமும் இந்தப் பாகுபாட்டை ஆராயாமல் விழுங்குகிறோமே என்பதுதான் நம் வருத்தம்.

வைட்டமின் ஈ மீதான நம்பிக்கை வெறும் வதந்தியில் பிறந்ததன்று. அமெரிக்கச் செவிலியர் 87,000 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று, அம்மாத்திரையை நெடுநாள் உண்டோருக்கு இதயநோய் குறைவு என்று 1993இல் அறிவித்தது. ஆனால் தாமாக விரும்பி ஊட்டமாத்திரை வாங்குகிறவர் யார்? பெரும்பாலும் உடல்நலத்தில் ஏற்கெனவே அக்கறை கொண்டவர். ஆய்வாளர்கள் இவ்வேறுபாடுகளைக் கணக்கில் கழித்துத்தான் பார்த்தார்கள். ஆயினும் முழுவதையும் கழித்துவிட இயலாது. பலன் மாத்திரையுடையதா, வாழ்முறையுடையதா என்று அறியச் சீட்டுக் குலுக்கிப் பிரித்துக் கொடுத்துப் பார்ப்பதே வழி.

பார்த்தார்கள். சலீம் யூசுப் தலைமையிலான 'ஹோப்' ஆய்வில், இதயநோய் அபாயம் மிகுந்த 9,000க்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர். ஒரு சாராருக்கு நாள்தோறும் 400 அலகு வைட்டமின் ஈ (அதுவும் இயற்கை மூலத்திலிருந்து எடுத்ததே!), மறு சாராருக்கு மருந்தில்லா மாத்திரை. ஏறத்தாழ நாலரை ஆண்டுகளுக்குப் பின், 2000 ஜனவரியில் முடிவு வெளியாயிற்று. மாரடைப்பு, பக்கவாதம், இதய, ரத்தநாள நோயால் மரணம் ஆகிய மூன்றில் ஒன்றுக்கு ஆளானோர் வைட்டமின் உண்டவரில் 16.2 விழுக்காடு, உண்ணாதவரில் 15.5. பலன் ஏதுமில்லை. அதே ஆய்வில் ராமிப்ரில் என்னும் ரத்த அழுத்த மாத்திரையைப் பெற்றோரில் இது 14, பெறாதோரில் 17.8. 2005இல் வந்த தொடர்ச்சியிலோ, வைட்டமின் ஈ உண்டோரிடம் இதயச் செயலிழப்பு சற்றுக் கூடுதலாகவே காணப்பட்டது.

அந்த 'இரசாயன'த்தின் பூர்வீகத்தையும் சொல்லிவிடுவோம். ராமிப்ரில் சேர்ந்த மருந்துக் குடும்பத்தில் மூத்தது காப்டோப்ரில். பிரேசில் நாட்டு விரியன் ஒன்றின் நஞ்சில் கண்டறிந்த பொருளின் வழியே வடிவமைக்கப்பட்டது அது. பாம்பைவிட இயற்கையானது எதுவோ, நாமறியோம்.

கீரையையும் கடலையையும் நாம் பழிக்கவில்லை, தாராளமாக உண்க. கீரையில் உள்ள ஒன்றை மட்டும் பிரித்துக் குப்பியில் அடைத்துவிட்டு, அதைக் கீரையின் பெயரால் விற்பதையே எதிர்க்கிறோம். மருத்துவர் எழுதித் தந்த மாத்திரையைத் தாமே நிறுத்திவிட்டு அந்தக் காசில் இக்குப்பியை வாங்குவோர் நம் உறவிலும் நட்பிலும் உண்டு. இதயநோயைத் தடுப்பதற்கென வைட்டமின் ஈ உண்ண வேண்டாம் என்று அமெரிக்க நோய்த்தடுப்பு வல்லுநர் குழு 2022இலும் கூறியிருக்கிறது. குப்பியின் முகப்பில் இதயப் படம் வரைவோர், எந்த ஆய்வை நம்பி வரைந்தார்கள் என்பதையும் அதற்குக் கீழேயே அச்சிடட்டும்.